கசப்பெல்லாம் மருந்தன்று

எங்கள் இல்லத்தில் பாகற்காய் வெறும் கறிகாய் அன்று. அது அப்பாவின் நம்பிக்கை. கொல்லைப்புறப் பந்தலில் மிதிபாகற்கொடி ஒன்று எந்நாளும் படர்ந்திருக்கும். நீரிழிவு என்று மருத்துவர் சொன்ன நாள்முதல், இருபது ஆண்டுகளுக்கு மேலாக, விடியற்காலையில் ஒரு குவளைப் பாகற்சாறு அருந்துவதை அவர் ஒரு தவம்போல் கடைப்பிடித்து வந்தார். அரைத்துப் பிழிந்து கொடுத்தவர்கள் நாங்கள்தாம்.

சென்ற ஆண்டு அவருடைய கால்கள் வீங்கின. இரத்தத்தைச் சோதித்ததில் கிரியாட்டினின் 2.8 என்று வந்தது. நீண்டகால நீரிழிவினால் சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டன என்றார் மருத்துவர். மாத்திரைகளை நிறுத்திவிட்டு இன்சுலின் ஊசி தொடங்கினார். நாங்கள் அஞ்சினோம். அச்சத்தில் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? ஒரு குவளைச் சாற்றை இரண்டு குவளையாக்கினோம்! மருத்துவரிடம் அதைச் சொல்லவுமில்லை. வீட்டில் காய்த்த காயைப் பற்றி மருத்துவரிடம் என்ன சொல்வது என்று எண்ணிவிட்டோம்.

ஒருநாள் காலை ஊசி போட்டாயிற்று, சாறும் குடித்தாயிற்று, இட்லி இன்னும் வேகவில்லை. அப்பாவின் உடல் வியர்வையில் நனைந்தது, கைகள் நடுங்கின. அருகில் ஓடி வந்த அம்மாவை ஏறிட்டு நோக்கி, “நீங்கள் யாரம்மா?” என்று கேட்டார். நாற்பத்தாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விழுங்கும் நிலையில் அவர் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். உடனே மருத்துவமனைக்கு விரைந்தோம்.

மருத்துவர் பொறுமையோடு விளக்கினார். உடலில் சேரும் இன்சுலினைச் சிதைப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது தளர்ந்தால் ஊசியின் வேகம் நெடுநேரம் நீடிக்கும். பாகற்சாறும் சர்க்கரையைக் குறைக்கவல்லது. இரண்டும் சேர்ந்தபோது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டது. பழுதுபட்ட சிறுநீரகத்தைப் பாகற்காய் குணமாக்கும் என்பதற்குச் சான்றும் இல்லை.

“அப்படியானால் பாகற்காயையே தொடக் கூடாதா, ஐயா?” என்று அம்மா கேட்டாள். அப்பா தலை குனிந்திருந்தார்.

“சாறுதான் வேண்டாம் என்றேன், கறி வேண்டாம் என்று சொல்லவில்லையே!” என்று மருத்துவர் சிரித்தார்.

அன்று நாங்கள் கற்றுக்கொண்டவை பல. சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கக்கூடும். மிகுந்தால் இதயத் துடிப்பையே குலைக்கும். 100 கிராம் பாகற்காயில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பாகல் இலையிலோ அதைப்போல் இருமடங்கு. ஆகவே காய் அளவோடு ஆகலாம், இலைச்சாறு ஆகாது. அதனோடு சேர்க்கும் புளியிலும் வெல்லத்திலும் பொட்டாசியம் மிகுதி. வற்றலிலும் ஊறுகாயிலும் உள்ள உப்போ வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். சோடியம் குறைந்தது என விற்கப்படும் மாற்று உப்புகள் பலவற்றிலும் பொட்டாசியமே கலந்திருக்கிறது. இக்கட்டுப்பாடு எல்லா நோயாளருக்கும் ஒரே அளவானதன்று. அவரவர் இரத்தச் சோதனையைப் பார்த்தே மருத்துவர் வரையறுப்பார். அப்பாவுக்குப் பொட்டாசியம் 5.6 இருந்தது, ஆகவே அவருக்குக் கட்டுப்பாடு தேவைப்பட்டது.

இப்பொழுது அம்மாவின் சமையல் மாறிவிட்டது. உப்பிட்டுப் பிசிறிக் கசப்பைப் பிழியும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டாள். காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, நிறைந்த தண்ணீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுகிறாள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடுகிறது. பின்னர் சிறிது எண்ணெயில் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து வதக்குகிறாள். வாரத்தில் ஒருநாள், ஒரு சிறு கிண்ணம், அவ்வளவே. பந்தலில் எஞ்சும் காய்கள் அண்டை வீடுகளுக்குப் போகின்றன.

முதல் நாள் அதை உண்ட அப்பா, “கசப்பே இல்லையே!” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

“கசக்காவிட்டால் போகட்டும். என்னை யாரென்று நீங்கள் கேட்காமல் இருந்தால் போதும்” என்றாள் அம்மா. அப்பா மறுமொழி சொல்லாமல் கிண்ணத்தைக் காலி செய்தார்.

அன்பர்களே, எங்கள் அன்பில் குறையில்லை. அறிவில்தான் குறை இருந்தது. உங்கள் இல்லத்திலும் நோயுற்ற முதியவர் இருப்பாராயின், அவருக்கு நீங்கள் கொடுக்கும் சாற்றையும் கஷாயத்தையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கைமருந்துதானே என்று நாங்கள் மறைத்தது, அப்பாவை எங்களிடமிருந்து பறித்திருக்கும்.