ஒடெய என்னும் சொல்

மைசூருவின் பரபரப்பான கடைத்தெருக்களில் ஒன்றுக்குத் தேவராஜ அரசு சாலை என்று பெயர். தமிழ் மட்டும் அறிந்தவர் 'அரசு' என்பதை அரசாங்கம் எனக் கொள்ளக்கூடும். கன்னடத்தில் அச்சொல்லுக்கு மன்னன் என்பது பொருள். மைசூர் அரச குடும்பத்தோடு உறவுடைய சிறியதொரு சமூகத்தின் பெயரும் அதுவே. ஆங்கில எழுத்தில் அது 'அர்ஸ்' ஆயிற்று.

அச்சமூகத்தில் 1915 ஆகஸ்ட் 20 அன்று பிறந்தவர் டி. தேவராஜ அரசு. ஹுன்சூர் வட்டத்துக் கல்லஹள்ளி அவரது ஊர். 1941இல் மைசூர் சமஸ்தானத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 1969இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது இந்திரா காந்தியின் பக்கம் நின்று, 1972இல் முதலமைச்சரானார். 1956இல் மாநிலம் ஒருங்கிணைக்கப்பட்டது முதல் அதுவரை அப்பதவியில் இருந்தோர் அனைவரும் லிங்காயத்துகள். எண்ணிக்கை பலமற்ற சமூகத்தவரான அவர், தம்மைப் போலவே சிதறிக் கிடந்த பிற்பட்ட வகுப்பினரை ஒன்றுதிரட்டினார். 1972இல் ஹாவனூர் ஆணையம் அமைந்ததும் அந்நோக்கில்தான்.

1951இல் சாகர வட்டத்துக் காகோடு கிராமத்தில் குத்தகை உழவர்கள் நிலவுடைமையாளரை எதிர்த்துப் போராடினர். அத்தகைய போராட்டங்களின் முழக்கம் 'உளுவவனே பூமிய ஒடெய'. உழுபவனே நிலத்துக்கு உடையவன். 'ஒடெய' என்பதன் மரியாதைப் பன்மையே 'ஒடெயர்'. மைசூர் மன்னர்களின் பட்டப்பெயர். சோழர் கல்வெட்டுகள் மன்னனைக் குறிக்கும் 'உடையார்' என்பதும் இதன் உறவுச் சொல்லே. மன்னருக்குரிய சொல்லை உழவர்கள் தமக்கு உரிமை கோரினர். மன்னரின் உறவுச் சமூகத்தில் பிறந்தவர் அதைச் சட்டமாக்கினார்.

நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1974 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குத்தகை நிலங்கள் அரசாங்கத்தின் வசமாயின. உழுதவர் ஏழாம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க, நிலத் தீர்ப்பாயங்கள் வட்டந்தோறும் விசாரித்தன. குத்தகை முறை மிகுந்திருந்த கடலோரத்திலும் மலைநாட்டிலும் பயன் பெரிது. ஆயினும் குத்தகையுரிமையே இல்லாத கூலித் தொழிலாளிக்கு அச்சொல் எட்டவில்லை. அவர்களுள் பலர் தலித்துகள்.

நெருக்கடி நிலைக் காலத்திலும் அவரே முதலமைச்சர். ஊழல் புகார்களை குரோவர் ஆணையம் விசாரித்தது. இக்கறைகளை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

1979இல் இந்திராவிடமிருந்து பிரிந்தார். 1980 மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் 28 இடங்களில் 27ஐ இந்திராவின் கட்சி வென்றது. தேவராஜ அரசு பதவி விலகினார். 1982 ஜூன் 6 அன்று மறைந்தார்.

நிலம் பெற்றவர்கள் நன்றி மறந்தனர் என்று இதைச் சொல்வோர் உண்டு. அவ்வாறு சொல்வது, ஒடெயனான உழவனை மீண்டும் குடிபடையாக்குவதாகும். தன் நிலத்துக்கு உடையவனான ஒருவன் தன் வாக்குக்கும் உடையவனே. கொடுத்தவருக்கு எதிராகவும் செலுத்த முடிந்தால்தான் அது உரிமை. இல்லையெனில் வெறும் கொடை.