நான் பார்த்த நல்ல நேரம்



இராகுகாலத்தைக் கண்டு நகைப்பவன் நான். நாள்காட்டியில் அச்சிட்டிருக்கும் எமகண்டக் கட்டத்தை வகுப்பில் எடுத்துக்காட்டி, "இந்த ஒன்றரை மணி நேரத்தில் கதிரவன் நின்றுவிடுகிறானா? காற்று வீச மறுக்கிறதா?" என்று மாணவரைக் கேட்டு மகிழ்பவன். அத்தகைய நான், சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, என் அண்ணனுக்கு நல்ல நேரம் பார்த்துச் சொன்னேன்!

அன்று பிற்பகல் எங்கள் தாயார் மறைந்தார். அண்ணன் சிங்கப்பூரில், கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் உழைப்பவர். எங்கள் சிற்றூர் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரே வரும் விமானம் நான்கு மணி நேரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் வீடு.

"தம்பி, காலை விமானத்தில் இடம் இருக்கிறது. 16,000 ரூபாய் காட்டுகிறது. வாங்கிவிடட்டுமா?" தொலைபேசியில் அண்ணனின் குரல் உடைந்து வந்தது.

நான் என்ன சொன்னேன்? "அவசரப்படாதீர்கள் அண்ணே! செவ்வாய் நள்ளிரவு கடந்தால் கட்டணம் இறங்கும். ஒரே தளத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் விலையை ஏற்றிவிடுவார்கள், மறைநிலைச் சாளரத்தில் தேடுங்கள்" என்றேன். எங்கோ படித்தது, யாரோ சொன்னது. ஆராய்ந்தேனா? இல்லை. சான்று கேட்டேனா? இல்லை. படித்தவன் தம்பி சொல்கிறான் என்று அண்ணன் நம்பினார்.

நள்ளிரவு கடந்தது. விலை இறங்கவில்லை. காலை விமானத்தில் இடமே இல்லை! மாலை விமானத்துக்கோ 26,000 ரூபாய். கடன் வாங்கித்தான் அதையும் எடுத்தார். ஊரார் மறுநாள் மாலை நான்கு மணிவரை பொறுத்திருந்தனர். அண்ணன் இரவில் வந்து சேர்ந்தபோது, அன்னையின் முகம் இல்லை. ஆறாத சாம்பல் இருந்தது. என்னைக் கடிந்து ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அந்தச் சூட்டில்தான் தேடத் தொடங்கினேன். நான் கணக்கு ஆசிரியன் அல்லன். கலைப் பிரிவில் பட்டம் பெற்று வரலாறு சொல்லித் தருபவன். ஆயினும் புரிந்துகொள்ள முடிந்தது; உங்களுக்கும் புரியும்.

பூ விற்கும் அம்மையாரைப் பாருங்கள். பொழுது சாயச் சாய விலையைக் குறைக்கிறார். நாளைக்கு அந்தப் பூ வாடிவிடும். விமானத்தின் இருக்கையும் வாடும் சரக்குதான். கதவு மூடியதும் காலி இருக்கையின் மதிப்பு ஒன்றுமில்லை. அப்படியானால் கடைசி நேரத்தில் மலிவாக அல்லவா விற்கவேண்டும்? ஏன் ஏற்றுகிறார்கள்?

கடைசி நேரத்தில் வருபவர் யார் என்பதில் இருக்கிறது விடை. திடீர்க் கூட்டத்துக்கு ஓடும் வணிகர். மருத்துவமனைக்கு ஓடும் மகள். சாவுக்கு ஓடும் மகன். இவர்கள் விலை கேட்டுத் திரும்பிப் போகமாட்டார்கள். மூன்று மாதம் முன்னதாக வருபவரோ, விலை கூடினால் பயணத்தையே விட்டுவிடுவார். ஆகவே முன்னவருக்கு ஒரு விலை, பின்னவருக்கு வேறொரு விலை. கடைசியில் மலிவு என்று ஒருமுறை பழக்கிவிட்டால், எல்லோருமே கடைசிவரை காத்திருப்பார்கள் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு.

இதை நடத்தும் முறை என்ன? ஒரே வகுப்பில், ஒரே அகலமுள்ள இருக்கைகளைப் பல கட்டண அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். அடுக்குக்கு ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துக்கு ஒரு விலை. கீழ் அடுக்கு தீர்ந்தால் அடுத்த அடுக்கு திறக்கும். விற்பனை மந்தமானால் மூடிய அடுக்கு மீண்டும் திறப்பதும் உண்டு. எத்தனை இருக்கைகளை உயர்ந்த விலைக்காகக் காத்து வைப்பது? பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட், 1972-இல் இதற்கு ஒரு விதி வகுத்தார். இன்று கேட்பவர் 5,000 தருகிறார். நாளை ஒருவர் 15,000 தரக்கூடும். ஐந்து, பதினைந்தில் மூன்றில் ஒரு பங்கு. நாளை அவர் வருவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால், இருக்கையைக் காத்து வை. குறைவானால் இன்றே விற்றுவிடு! இவ்வளவுதான். இன்றைய கணிப்பொறிகள் இதைவிடச் சிக்கலான கணக்குகளைப் போட்டாலும், வேர் இந்த விதியே.

இந்தக் கணக்குக்கு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் பறக்கும் கட்டணத்தை 1938 முதல் அரசு வாரியம் ஒன்று கட்டுப்படுத்தி வந்தது. 1978-இல் வந்த சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. 1981-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதிய நிறுவனம் மலிவு விலையில் பறந்தது, கூட்டம் குவிந்தது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எதிர்த்தது. எல்லா இருக்கையையும் மலிவாக்கி அன்று! முன்னதாக வாங்குவோருக்குச் சில இருக்கைகளை மட்டும் மலிவாக்கி, மீதியைப் பழைய விலைக்கே காத்தது. 1987-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற பெயரே மறைந்தது. நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் விமானப் போக்குவரத்தை அரசுடைமையாக்கிற்று; 1994-இல் அது நீக்கப்பட்டது. 2003-இல் தொடங்கிய ஏர் டெக்கான், ஒரு ரூபாய்ச் சீட்டு என்று அறிவித்து நாட்டை வியக்க வைத்தது. அதுவும் சில இருக்கைகளுக்குத்தான்!

இனி, நான் நம்பிய செவ்வாய்க்கு வருகிறேன். வாங்கும் கிழமையால் வரும் வேறுபாடு சொற்பம். பறக்கும் கிழமையால் வரும் வேறுபாடுதான் பெரிது. வார இறுதியை விடுத்து நடுவாரத்தில் பறந்தால் பெரும்பாலும் குறையும். மீண்டும் பார்க்கும்போது விலை ஏறியிருப்பது, நம்மை ஒருவன் ஒளிந்திருந்து பார்ப்பதால் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதற்கிடையே யாரோ கீழ் அடுக்கின் கடைசி இருக்கையை வாங்கியிருப்பார்கள். மறைநிலைச் சாளரம் அந்த இருக்கையைத் திருப்பித் தராது.

பயன் தருபவை வேறு. நாள் நெகிழ்வு இருந்தால், ஒரு மாதக் கட்டணத்தையும் ஒருசேரக் காட்டும் நாள்காட்டியைப் பாருங்கள். விலை மாறினால் சேதி அனுப்பும் வசதியை அமைத்துக்கொள்ளுங்கள். திருச்சி மட்டுமன்று, மதுரை, சென்னை, கோவை ஆகியவற்றுக்கும் விலை பாருங்கள், பேருந்துச் செலவைக் கூட்டிப் பிறகு முடிவு செய்யுங்கள். நால்வருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ் அடுக்கில் மூன்றே இருக்கை இருந்தால், நால்வருக்கும் மேல் அடுக்கின் விலையே வரக்கூடும். தனித்தனியாகவும் தேடிப் பாருங்கள். பெட்டிக்கும் இருக்கைத் தேர்வுக்கும் தனிக் கட்டணம் உண்டா என்று கூட்டிப் பார்க்காமல் மலிவு என்று மயங்காதீர்கள். இரு நிறுவனங்களில் தனித்தனிச் சீட்டு எடுத்து மாறிப் பறந்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் இழப்பு உங்களுடையது. துக்கமும் நோயும் அழைக்கும்போது மட்டும் காத்திராதீர்கள்! அன்று கண்ட விலையே பெரும்பாலும் குறைந்த விலை.

இத்துடன் முடிந்ததா? இல்லை. அறிந்தவன் தப்பித்துக்கொள்வான், அறிந்திருந்தாலும், தாய் இறந்த செய்தி வந்தவன் எப்படித் தப்புவான்? சாவு மூன்று மாதம் முன்னதாகச் சொல்லிக்கொண்டா வருகிறது? எல்லோருக்கும் ஒரே விலை என்று கட்டிவிட்டால், மாணவனும் தொழிலாளியும் முன்கூட்டிப் பெறும் மலிவுச் சீட்டும் மறையக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஏணிக்கு மேல்படி என்று ஒன்று வேண்டாமா?

முடியாது என்பார்கள். முடியும்! 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை உள்நாட்டுக் கட்டணத்துக்கு நம் அரசு கீழ் எல்லையும் மேல் எல்லையும் விதித்தது. 2025 டிசம்பரில் பறப்புகள் பெருமளவில் நின்று கட்டணம் தாறுமாறாக ஏறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தொடங்கி 18,000 வரை தொலைவுக்கு ஏற்ப உச்சவரம்பு கட்டியது. ஏர் கனடா போன்ற நிறுவனங்கள், உறவினர் இறப்புக்குச் செல்வோருக்குச் சலுகைக் கட்டணம் வைத்திருக்கின்றன. நெருக்கடிக்கு மட்டும் வரும் நீதி, ஒரு குடும்பத்தின் நெருக்கடிக்கும் வரலாகாதா? இறப்புச் சான்று காட்டுவோருக்கு ஒரு வரம்பு கேட்பது பேராசையா?

இந்த ஆண்டு தாயாரின் நினைவு நாளுக்கு அண்ணன் வந்தார். மூன்று மாதம் முன்னரே, புதன்கிழமைப் பறப்பாகப் பார்த்து, 7,000 ரூபாய்க்கு நானே சீட்டு எடுத்துக் கொடுத்தேன். "இம்முறை நல்ல நேரம் பார்த்தாயா தம்பி?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

விலை எப்படி வருகிறது என்பது மறைந்திருக்கும் இடத்தில் மூடநம்பிக்கை முளைக்கிறது. படித்தவன் நெஞ்சிலும் முளைக்கிறது. நாள்காட்டியின் கட்டத்தை இப்போதும் வகுப்பில் காட்டுகிறேன். ஆனால், அதற்கு முன்னால், நான் நம்பிய செவ்வாய்க்கிழமையின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் காட்டுகிறேன்.