கூச்சலோடு ஒரு கச்சேரி

ஒரு கச்சேரியைப் பதிவு செய்கிறார்கள் என்றால், நமக்கு என்ன தோன்றும்? பாடுகிறவர் குரல் நன்றாக விழவேண்டும், வாத்தியங்கள் தெளிவாகக் கேட்கவேண்டும், சபையில் யாராவது இருமினால்கூட அதை எப்படியாவது மறைத்துவிடவேண்டும், இல்லையா? பாட்டு வேறு, சத்தம் வேறு என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் பாட்டைவிடச் சத்தமே அதிகமாகப் பதிவான கச்சேரி ஒன்று உண்டு, நேயர்களே! அந்தச் சத்தத்தின் காரணமாகவே அது பதின்மூன்று வருஷம் அலமாரியில் கிடந்தது. அதன் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுகப் பட்டணத்திலிருந்து கிளம்பிய நான்கு வாலிபர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய இந்த நால்வரும் சேர்ந்த ராக் இசைக் குழுவுக்குப் பெயர் பீட்டில்ஸ். 1964 ஆகஸ்டில் இவர்கள் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் செய்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள ‘ஹாலிவுட் பௌல்’ அரங்கில் கச்சேரி. பௌல் என்றால் கிண்ணம். பெயருக்கு ஏற்றபடி, குன்றுகளுக்கு நடுவே கிண்ணம் போலக் குழிந்த இடத்தில், திறந்த வானத்தின் கீழ் அமைந்த அரங்கம் அது. மேடைக்கு மேலே மட்டும் ஒரு கூரை.

அமெரிக்காவில் இவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த காபிடல் கம்பெனியார், அன்றைய கச்சேரியைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருந்தார்கள். லண்டனில் இவர்களுடைய பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துவந்த ஜார்ஜ் மார்ட்டினும் வந்திருந்தார். எல்லாம் தயார். நால்வரும் மேடையில் கால் வைத்தார்கள்.

அவ்வளவுதான்! சுமார் 17,000 பேர், அவர்களில் ஏராளமானோர் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள், ஒரே குரலில் வீறிட்டார்கள். முதல் பாட்டில் தொடங்கிய அந்த வீறல் கடைசிப் பாட்டு வரையில் ஓயவில்லை. அந்த இளம் நெஞ்சுகள் போட்ட கூச்சலில் ஜெட் விமானம் பறந்தால்கூடக் காதில் விழாது என்ற பொருள்பட ஜார்ஜ் மார்ட்டின் பின்னால் எழுதினார்.

மேடையில் பாடுகிறவர்கள் பாடு என்ன ஆயிற்று என்கிறீர்களா? இப்போதெல்லாம் பாடகரின் காலடியிலேயே ஒரு ஒலிபெருக்கி வைத்து, அவர் குரலை அவருக்கே கேட்கச் செய்கிறார்கள். அன்று இவர்களுக்கு அந்த வசதி இல்லை. தாம் பாடுவது தமக்கே கேட்காமல் பாடினார்கள். பின்னால் உட்கார்ந்து டிரம் வாசித்த ரிங்கோவுக்கோ, பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே சமயத்தில் தெரியாதாம். முன்னால் நிற்பவர்களின் தோளும் முதுகும் ஆடுவதைப் பார்த்துத் தாளத்தை நிறுத்திக்கொள்வாராம்! அப்படியும் சுருதி பிசகாமல், தாளம் தவறாமல் பாடியிருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டார்கள். அன்றைய கருவியில் மூன்றே தடங்கள். ஒன்றில் பாட்டு, ஒன்றில் வாத்தியம் என்று பிரித்து வைத்தாலும், கூச்சல் எல்லா ஒலிவாங்கிகளிலும் புகுந்துவிட்டது. பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்க அன்னப்பட்சியையா தேடிப்போவது? மறு வருஷம், 1965 ஆகஸ்ட் 29, 30 தேதிகளில், அதே அரங்கில் மறுபடி பதிவு செய்தார்கள். முதல் நாள் பாலின் ஒலிவாங்கியில் கோளாறு. இரண்டு நாளும் கூச்சலுக்கு மட்டும் குறைவில்லை. “இது பிரயோஜனப்படாது” என்று நாடாக்களை அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

1966 ஆகஸ்ட் 29-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு பீட்டில்ஸ் சுற்றுப்பயணத்துக்கு முழுக்குப் போட்டார்கள். கேட்பதற்கு வந்தவர்கள் கேட்கவில்லை, பாடுகிறவர்களுக்கும் கேட்கவில்லை, பிறகு எதற்குக் கச்சேரி? 1970-ல் குழுவே கலைந்துபோயிற்று.

அலமாரியில் தூங்கிய நாடாக்களை எழுப்பியவர் யார் தெரியுமா? திருவனந்தபுரத்தில் பிறந்த ஒரு மலையாளி! பாஸ்கர் மேனன் என்று பெயர். நம் வீடுகளில் சுழன்ற நாய் மார்க் இசைத்தட்டுகளைக் கல்கத்தா டம்டம்மில் தயாரித்துவந்த கிராமபோன் கம்பெனியை நடத்தியவர். பிறகு அமெரிக்கா போய்க் காபிடல் கம்பெனிக்கே தலைவரானார். பழைய நாடாக்களை ஒரு தடவை கேட்டுப்பார்க்கும்படி அவர் ஜார்ஜ் மார்ட்டினிடம் சொன்னார்.

மார்ட்டினுக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சம்மதித்தார். நாடாவைப் போடுவதற்கு மூன்று தடக் கருவி வேண்டுமே! அந்தக் காலத்துக் கருவிகள் அதற்குள் வழக்கொழிந்துவிட்டன. எங்கேயோ தேடி ஒன்றைப் பிடித்தார்கள். அது ஓட ஓட அடுப்பாகக் காய ஆரம்பித்தது. சூட்டில் நாடா பாழாகிவிட்டால் என்ன செய்வது? மார்ட்டினும் அவருடைய ஒலிப்பதிவு நிபுணர் ஜெஃப் எமெரிக்கும் ஒரு யுக்தி செய்தார்கள். வீட்டில் தூசி உறிஞ்சுகிறோமே, அந்த வாக்குவம் கிளீனரைத் திருப்பி வைத்து, காற்றை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதச் செய்து, கருவியைக் குளிரப்பண்ணினார்கள்! இப்படியாக, 1964, 1965 கச்சேரிகளிலிருந்து பதின்மூன்று பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து 1977 மே மாதம் இசைத்தட்டு வெளிவந்தது. பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது.

அந்தச் சமயத்தில் மார்ட்டினின் ஒன்பது வயது மகள், அப்போது பிரபலமாக இருந்த வேறொரு குழுவின் பெயரைச் சொல்லி, “அவர்கள் அளவுக்கு இவர்கள் நன்றாகப் பாடுவார்களா, அப்பா?” என்று கேட்டாளாம். “அவ்வளவு இல்லை என்றுதான் நினைக்கிறேன்” என்று பதில் சொன்னாராம் தகப்பனார். ஒரு நாள் அவளாகவே தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டார்!

இனி மகனுடைய முறை. ஜார்ஜ் மார்ட்டின் 2016 மார்ச்சில் காலமானார். அதே வருஷம் செப்டம்பரில் அவருடைய மகன் ஜைல்ஸ் மார்ட்டின் அந்த நாடாக்களைப் புதிதாகச் சீர்செய்து வெளியிட்டார். லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் கிளார்க் என்ற நிபுணர் கம்ப்யூட்டரைக் கொண்டு அன்னப்பட்சி வேலையைச் செய்யக் கற்றிருந்தார். கிதாரின் ஒலி எப்படி இருக்கும், டிரம்மின் ஒலி எப்படி இருக்கும், மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று ஆராய்ந்து, ஒன்றாகக் கலந்ததைத் தனித்தனியே பிரிக்கும் வித்தை அது. கூச்சலுக்கு அடியில் புதைந்திருந்த பாட்டு மேலே வந்தது. ஆனால் கூச்சலை ஒரேயடியாகத் துடைத்துவிடவில்லை. குறைத்தார்கள், கூடவே வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பதிவை எங்கள் அத்தைக்கு ஒரு நாள் போட்டுக் காட்டினேன். அத்தைக்கு வயது எழுபத்தைந்து. இங்கிலீஷ் பாட்டு கேட்டுப் பழக்கமில்லாதவள். பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, “யாருக்கு என்ன ஆச்சு? இத்தனை பொண்ணுங்க ஏன் இப்படிக் கத்துறாங்க?” என்றாள்.

“சந்தோஷத்தில் கத்துகிறார்கள், அத்தை!”

“எந்த வருஷம் இது?”

“1964.”

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. “எனக்கும் அப்போ பதினாலு வயசுதான். பலமா சிரிச்சாலே, ‘பொம்பளை சிரிச்சா போச்சு’ன்னு எங்க பாட்டி ஆரம்பிச்சுடுவா. சந்தோஷம் வந்தா தலையணையிலே முகத்தைப் புதைச்சுக்குவேன்” என்றாள். பிறகு, “பாட்டு இருக்கட்டும். அந்தச் சத்தம் பலமா வர்ற இடத்தை இன்னொரு தடவை போடு” என்று சொன்னாள்.

போட்டேன். அன்று முதல் அந்தக் கூச்சலை என்னால் வெறும் இரைச்சலாகக் கேட்க முடியவில்லை. “கத்துகிற பெண்கள்” என்று அன்றைக்குப் பலர் பரிகாசம் செய்தார்கள். வீட்டில் அடக்கமாக இருந்துவிட்டு, ஒரே ஒரு இரவு, அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக, யாரும் “வாயை மூடு” என்று சொல்ல முடியாத இடத்தில் அவர்கள் வாயைத் திறந்தார்கள். அதில் ஏளனத்துக்கு என்ன இருக்கிறது?

மேடையில் நின்ற நால்வர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் இருக்கிறது. கஷ்டப்பட்டுப் பாடுகிறவன் பாட்டைக் கேட்காமல் அவனைக் கொண்டாடுவது என்ன கொண்டாட்டம்? அன்பு சில சமயம் இப்படித்தான் இருக்கிறது, சகோதரிகளே. எதை நேசிக்கிறதோ அதையே காதில் விழாமல் அடித்துவிடுகிறது. அந்தப் பெண்கள் தங்கள் மனத்துக்குப் பிடித்த பாட்டைத் தாங்களே கேட்காமல் வீடு திரும்பினார்கள்.

அவர்களில் இன்று இருப்பவர்கள் எழுபத்தைந்து வயதை ஒட்டிய பாட்டிமார்கள். யாராவது ஒருத்தி, பேரப்பிள்ளைகள் போட்டுக்கொடுக்க, இந்தப் பதிவைக் கேட்டிருப்பாள். அன்றிரவு தனக்கு எதிரே என்ன பாடினார்கள் என்பதை அவள் காதாரக் கேட்டிருப்பாள். கூடவே, அந்த 17,000 குரல்களில் எங்கேயோ, தன்னுடைய பதினான்கு வயதுக் குரலும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.