பாதுகாப்புப் பூட்டு



பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த பழைய தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தேன். மறைந்த என் தந்தையாரின் துப்பாக்கி உரிமத் தாள் ஒன்று மடிப்புகள் கிழிந்த நிலையில் கிடைத்தது. அதைக் கண்டதும் மறக்க முடியாத ஒரு மாலைப் பொழுது நினைவுக்கு வந்தது.

அப்பா பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் காவலர். காட்டுப்பன்றிகளின் தொல்லைக்காக இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். அது அவரைவிட வயதில் மூத்தது. முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் சுடும். மேற்புறத்தில் கட்டைவிரலால் நகர்த்தும் பாதுகாப்புப் பூட்டு இருந்தது. துப்பாக்கியைத் திறந்தாலே அது தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"பூட்டியிருக்கிறது தம்பி, பயமில்லை" என்பார் அப்பா. நானும் நம்பினேன்.

நான் ஐந்தாம் ஆண்டு பயின்ற காலம் அது. ஒருநாள் மாலை, தோட்டாக்களைப் போட்டு மூடிய துப்பாக்கியை லயத்து வாசலில் ஊன்றினார். அடிக்கட்டை சிமெண்டுப் படியில் இடித்தது. அவ்வளவுதான், வலக்குழல் வெடித்தது. தகரக் கூரை சல்லடையாயிற்று. ஒரு முழ தூரத்தில் நான் நின்றிருந்தேன். விசையில் விரல் இல்லை. பூட்டும் பூட்டியபடியே இருந்தது. அம்மா இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை.

பட்டணத்தில் உரிமம் பெற்ற சீனப் பெரியவர் ஒருவர் அதனைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சுத்தியல். வில்லின் அழுத்தத்தில் பாயக் காத்திருக்கும் அதனை, அதன் வெட்டில் பொருந்திய சிறு கொக்கி ஒன்று தடுத்து நிறுத்துகிறது. விசை அக்கொக்கியை விலக்குகிறது. பூட்டோ விசையை மட்டுமே பிடிக்கிறது. கொக்கியையோ சுத்தியலையோ தொடுவதில்லை! வெட்டின் விளிம்பு தேய்ந்து, பழைய எண்ணெய் பசையாக இறுகியதால் கொக்கி அரைகுறையாகவே பதிந்திருந்தது. ஓர் இடியே போதுமானதாயிற்று. விலை உயர்ந்த சில துப்பாக்கிகளில் நழுவும் சுத்தியலைத் தடுக்க இரண்டாவது கொக்கி உண்டாம். எங்களுடையதில் இல்லை.

வீட்டில் அரம் போட்டு ராவக்கூடாது என்று அவர் எச்சரித்தார். வெட்டைச் சிறிது ராவினாலும் விசை இலேசாகி ஆபத்து கூடுமாம். பசையை நீக்கி, வெட்டைச் சீராக்கி, போலித் தோட்டாக்களை இட்டுச் சோதித்தார். பூட்டிய நிலையில் விசையை இழுத்துவிட்டுப் பிறகு பூட்டைத் திறந்தார். அடிக்கட்டையை ரப்பர்ச் சுத்தியால் தட்டினார். இரு சுத்தியல்களும் அசையவில்லை.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "நான் சொன்னது தவறு தம்பி. பூட்டு விசையைத்தான் பிடித்திருந்தது."

அதன்பின் வீட்டருகே அத்துப்பாக்கி எப்போதும் திறந்தே இருக்கும். இரு குழல்களும் காலியாக இருக்கும். காட்டோரத்தில்தான் தோட்டா ஏறும். அவர் மறைந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். தாத்தா காலத்துத் துப்பாக்கி எவர் வீட்டிலேனும் கிடைத்தால், தயவுசெய்து நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள். உரிமமின்றி வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

வகுப்பில் நான் தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாளே மாணவர்முன் அதனை ஒப்புக்கொள்கிறேன். சக ஆசிரியர்கள் சிலருக்கு அது வியப்பாக இருக்கிறது. பத்து வயது மகனிடம் "தவறு" என்று சொன்ன ஒரு தோட்டக் காவலரிடம் கற்ற பாடம் அது.

மீண்டும் சந்திப்போம்.