புது இயங்குதளமும் பழைய யளனகவும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

தீபாவளிக்குப் பிறகு என் பதிவுகளைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று இரண்டு மூன்று பேர் போன் செய்து கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக் கணினியில் இயங்குதளத்தை மாற்றினோம். அவ்வளவுதான்.

விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது பலருக்கும் தெரிந்திருக்கும். ஓராண்டு நீட்டிப்புக்கு வழி இருந்தது. ஆனால் அடுத்த தீபாவளிக்கும் இதே கேள்வி வந்து நிற்கும். விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்பு அம்சமும் புதிய தலைமுறை பிராசசரும் வேண்டும். என்னுடையது 2014இல் வாங்கிய இயந்திரம். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் வயதாகிவிட்டது என்று ஒரு கணக்கு. 58 வயதில் பணிநிறைவு பெற்றவனுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தார். "மெஷின் நல்லா இருக்கு சார். இதைப் போய் எடைக்குப் போடுறதா? லினக்ஸ் போட்டுத் தர்றேன், காசு கிடையாது" என்றார். அரசு கொடுத்த மாணவர் மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்ததாகத்தான் நினைவில்லை. "டி டிரைவைத் தொடவே மாட்டேன் சார்" என்று உறுதி சொல்லி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பஸ் ஏறிய பிறகுதான் கதை.

முதலில் சி, டி என்ற இரண்டையும் காணோம். இருபது வருடமாக என் வாழ்க்கை டி டிரைவில்தான் இருந்தது. பள்ளி என்று ஒரு கோப்புறை, வீடு என்று ஒன்று, பென்ஷன் என்று ஒன்று. லினக்ஸில் எல்லாம் ஒற்றைச் சாய்கோட்டிலிருந்து கிளை பிரிகிறதாம். என் டி டிரைவ், பெயரை இழந்து, இத்தனை ஜிபி என்ற எண்ணாக ஓரத்தில் நின்றது. பள்ளிக்குப் புதிதாக வந்த அதிகாரி நம்மைப் பெயர் சொல்லாமல் வரிசை எண்ணால் கூப்பிடுவதுபோல.

அடுத்து, பெரிய எழுத்தில் தொடங்கும் பென்ஷனும் சிறிய எழுத்தில் தொடங்கும் பென்ஷனும் இதற்கு வேறு வேறு. ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிகள் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தன. கட்டளைத் திரையில் கடவுச்சொல் அடித்தால் எதுவுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. அடிக்கிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மவுஸ் சக்கரத்தை உருட்டும்போது தெரியாமல் அழுத்திவிட்டால், வேறு எங்கோ தேர்வு செய்திருந்த வாசகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. கருவூலத்துக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் ரசப்பொடி அளவு வந்து நின்றது இப்படித்தான். பிரிண்டர் முதல் நாளே அச்சடித்தது, ஸ்கேன் செய்ய மட்டும் நான்கு நாள் அடம் பிடித்தது.

இத்தனைக்கும் நடுவில் என் மனைவிக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவர் திறப்பது ஃபயர்பாக்ஸ் ஒன்றைத்தான். அந்த நரி அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருக்கிறது. கோலம் வழக்கம்போல வந்தது. "உங்களுக்கு மட்டும் எப்படிங்க எல்லாம் மாறிப்போச்சு?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல?

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் முதலில் மனப்பாடம் செய்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது. மாதிரி வகுப்பில் அதை மீறினால் மதிப்பெண் குறையும். இயங்குதளம் செய்கிறவர்கள் யாரும் அந்த வகுப்பில் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. 1991, 92இல் அறிவொளிக் காலத்தில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். நானும் சிலருக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் தூங்கி எழுவதற்குள் யாரும் பிரேக்கைப் பின்சக்கரத்துப் பக்கம் கொண்டுபோய் வைக்கவில்லை.

வயதானவருக்குப் புதிது ஏறாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பயிற்சியில் சேர்ந்த 1978இல்தான் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935லேயே குடிஅரசில் கையாண்ட எழுத்துகள். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போனது. ணா, றா, னாவின் சுழி போனது. மொத்தம் 13 எழுத்துகள். பழைய வடிவில் படித்து வளர்ந்த நாங்கள், புதிய வடிவில் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். என் அம்மா கடைசிவரை தும்பிக்கை போட்டுத்தான் கடிதம் எழுதினார். புது எழுத்தில் வந்த தினத்தந்தியைத் தடையில்லாமல் வாசித்தார். அந்தக் கடிதங்களை இன்று என் பேத்தி வாசிக்கிறாள். "இது என்ன தாத்தா யானை மாதிரி இருக்கு?" என்பாள், சொன்னதும் மேலே படித்துக்கொண்டு போவாள்.

எழுத்து மாறியும் எழுதியது தங்கிற்று. இயங்குதளம் மாறியபோது எனக்கு அப்படி நடக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒரு தடவை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து ஏதாவது கேட்டு எழுதிவரச் சொல்வேன். விடுகதை, ஊர்க்கதை, நெல்லின் பெயர், கண்மாயின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள பெயர். கலிங்கு, மடை, குமிழி, உள்வாய், வரத்துவாரி என்று தொடங்கி நான் கேட்டே இராத சொற்களெல்லாம் வந்து விழும். அந்த நோட்டுகள் பள்ளி அலமாரியில் கரையானுக்குப் போயின. நல்லவேளை, 2003இலிருந்து மாலை நேரங்களில் அவற்றைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். மொத்தம் 31 கோப்புகள். சொன்ன பெரியவர்களில் இன்று இருப்பவர்கள் இரண்டு பேர்தான்.

புது இயங்குதளத்தில் முதல் கோப்பைத் திறந்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச், ஆர், அரைப்புள்ளி, ஆர், பி. பக்கம் முழுக்க இப்படியே ஆங்கில எழுத்துகள். அடுத்த கோப்பும் அப்படி. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இது ஏன் என்று இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து எழுத்துருவில் 256 இடங்கள்தான். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள். கணினியைப் பொறுத்தவரை நான் அடித்தது ஆங்கிலம். மேலே போர்த்திய எழுத்துரு என்ற போர்வைதான் தமிழ். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ் 99 விசைப்பலகை அங்கிருந்து வந்தது. தமிழுக்குத் தனி இடம் தந்த ஒருங்குறி 1991லேயே இருந்தது, தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்குள் எத்தனை டிடிபி கடைகள், எத்தனை பள்ளிகள், எத்தனை வினாத்தாள்கள், எத்தனை பேரின் கவிதைகள்! போர்வை சி டிரைவில் இருந்தது. சி டிரைவை அழித்துப் புதிதாகப் போட்டபோது அதுவும் போனது. புத்தகத்தை ஒரு வீட்டிலும் அதன் எழுத்துகளை இன்னொரு வீட்டிலும் வைத்திருப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்?

மறுநாள் காலை மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தமிழ்த் தட்டச்சு லோயர் தேறியவன். ய ள ன க என்று இடது கை நான்கு விரலையும் வைத்துப் பழகியவன். மேசைமேல் விரல்கள் தாமாக அசைந்தன. எம் என்ற இடத்துக்கு வலது ஆள்காட்டி விரல் கீழே இறங்கியது. கேக்கு நடுவிரல். அரைப்புள்ளிக்குச் சுண்டுவிரல். மறுபடி நடுவிரல். எச்சுக்கு ஆள்காட்டி விரல் இடப்பக்கம் நகர்ந்தது. அம்மா. அடுத்த நான்கு குறியும் சேர்ந்தால், அம்மாச்சி.

'அம்மாச்சி சொன்னது' என்று தொடங்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு அது. பாமினி எழுத்துருவின் விசை வரிசையும் நான் கற்ற தட்டச்சு வரிசையும் ஒன்றாக இருந்ததால், கண்ணுக்குப் புரியாததை விரல் படித்தது. ஒரு பக்கம் முழுவதையும் மேசையைத் தட்டித் தட்டியே வாசித்தேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பாமினியில் இருந்தவை 22 கோப்புகள். மாணவரிடம் போனில் சொன்னேன். இணையத்தில் பொங்குதமிழ் மாற்றி என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒட்டுங்கள் சார் என்றார். ஒட்டினேன். ஒரு நொடியில் ஒருங்குறித் தமிழாக வந்து நின்றது. இரண்டே நாளில் 22ஐயும் மாற்றி முடித்தேன். அவற்றுக்கு இனி எந்த இயங்குதளத்தாலும் ஆபத்தில்லை, கைப்பேசியிலும் திறக்கிறது.

மீதி ஒன்பது, முதல் கணினியோடு வந்த வேறொரு தமிழ் மென்பொருளில் அடித்தவை. அதன் குறுந்தகட்டைத் தேடி எடுத்தால் முழுக்கப் பூஞ்சை. அந்த நிறுவனத்தை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. இது தட்டச்சு வரிசையும் இல்லை, விரலாலும் படிக்க முடியவில்லை. கண்மாய்ச் சொற்கள் எல்லாம் இந்த ஒன்பதில்தான் இருக்கின்றன.

பழைய நாட்குறிப்பேட்டில் இரண்டு பக்கம் அகப்பட்டது. ஒரு கண்காட்சிக்காக அந்தக் கோப்புகளில் ஒன்றிலிருந்து அச்செடுத்தது. அச்சுத்தாளை இடப்பக்கமும் திரையை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு, இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று அட்டவணை போட ஆரம்பித்தேன். கு, கூ, ணு, ணூ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி. 37 நாள் ஆனது. மாணவர் அந்த அட்டவணையை ஒரு சிறு நிரலாக எழுதித் தந்தார். முதல் தடவை ஓட்டியபோது கொம்பெல்லாம் தப்பான எழுத்தின்மேல் போய் உட்கார்ந்தது. பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிப்போம், ஒருங்குறியில் எழுத்து முதலில், கொம்பு அப்புறம். அதையும் சரி செய்தார்.

இந்த இழுபறியில் தமிழ் 99ஐயும் ஒரு வாரம் பழகிப் பார்த்தேன். நல்ல அமைப்பு. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. கவை இரண்டு தடவை அடித்தால் புள்ளி தானே விழுந்து க்க வருகிறது. பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லித் தர வேண்டும். ஆனால் என் வேகம் எறும்பு வேகமாகிவிட்டது. பிறகு அமைப்புகளுக்குள் தேடும்போது, இதே லினக்ஸில் பழைய தட்டச்சு முறையும் ஒரு தேர்வாக இருப்பதைக் கண்டேன். யார் வைத்தார்களோ, அவருக்கு வணக்கம். இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன்.

ஒன்பது கோப்புகளும் இப்போது ஏறக்குறைய வாசிக்கக் கிடைக்கின்றன. ஆறு குறிகளுக்கு மட்டும் எழுத்து தெரியவில்லை, ஏனென்றால் அந்த அச்சுத்தாளில் அவை வரவில்லை. பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்புக மாதிரி ஊகித்துவிட்டேன். ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். கண்மாய் வற்றும்போது உள்வாய்ச் சேற்றில் கடைசியாகத் தண்ணீர் தங்கும் சிறு பள்ளத்துக்கு ஒரு தாத்தா சொன்ன பெயர். மூன்று எழுத்து. முதல் எழுத்து ந, கடைசி எழுத்து டி. நடு எழுத்து தெரியவில்லை. சொன்னவரும் இல்லை, எழுதி வந்த பையன் துபாயில் இருக்கிறான், நினைவில்லை என்கிறான்.

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கத்து நண்பர்கள், உங்கள் வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். டைப் அடிக்க வராவிட்டால் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும்.