மாமாவின் ரம்பமும் கணபதி லேத்தும்

பி.காம். படிக்கிற பையனுக்கு எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிலிண்டர் ஹெட்டைப் பற்றி யோசிக்கிறவன் எங்கள் வகுப்பில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். ஆனால் மூன்று மாதமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

எங்க மாமா, அம்மாவின் தம்பி, ஆனைமலைப் பக்கம் மரம் வெட்டும் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். கையில் இரண்டு பெட்ரோல் ரம்பம் (செயின் சா என்று சொன்னால்தான் சிலருக்குப் புரியும், ஊரில் வெறும் "மிஷின்"தான்). முன்பெல்லாம் வாகை, புளி, வேம்பு என்று எப்போதாவதுதான் வேலை வரும். இப்போது பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் தென்னைக்கு வேர் வாடல் நோய். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கேரளாவில் இருந்த நோய், கணவாயைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட்டது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி காரணம், பூச்சிகள் பரப்புகின்றன, குணப்படுத்த மருந்து கிடையாது. மோசமாகத் தாக்கப்பட்ட மரத்தை வெட்டி எடுப்பதுதான் வழி. மாமாவுக்கு வேலை குவிகிறது. சந்தோஷப்படவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

வேலை குவிந்ததும் மாமாவுக்கு மிஷின் மெதுவாக ஓடுவதாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. கணபதியில் ஒரு லேத் பட்டறைப் பெரியவர் ரேஸ் ஆர்எக்ஸ்100-க்கு போர்ட் வேலை செய்கிறவர் என்று யாரோ சொல்ல, சிலிண்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "கூட வா மாப்பிள்ள, நீ படிச்சவன்" என்று என்னையும் இழுத்துப் போனார். கணக்குப் படித்தவனும் ஒரு படித்தவன்தானே :-)

பெரியவர் சொல்லிக்கொடுத்ததை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஜன்னல் மாதிரி ஓட்டைகள், அவைதான் போர்ட். பிஸ்டன் மேலே கீழே போகும்போது தானே அந்த ஜன்னல்களைத் திறந்து மூடுகிறது. 1890-களில் இங்கிலாந்தில் ஜோசப் டே பட்டறையில் உருவான அமைப்பு, இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் டைமிங். எக்ஸாஸ்ட் ஜன்னலின் மேல் விளிம்பை அரை மில்லிமீட்டர் உயர்த்தினால் புகை சீக்கிரம் வெளியேற ஆரம்பிக்கும், எஞ்சின் அதிக சுற்றில் நன்றாக இழுக்கும். ஆனால் குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். இனாமாக எதுவும் கிடைக்காது.

பெரியவர் முதலில் போர்ட்டைத் தொடவே இல்லை. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஈயக்கம்பியை உள்ளே விட்டு எஞ்சினை ஒரு சுற்று சுற்றினார். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே நசுங்கிய கம்பியை வெர்னியரில் வைத்தார். ஒரு மில்லிமீட்டர். "இவ்வளவு இடம் எதுக்கு? அரை மில்லி போதும்" என்று அடி பேக்கிங்கை எடுத்துவிட்டு, சிலிண்டரை அனபாண்ட் தடவி நேராக உட்கார வைக்கலாம் என்றார். கம்ப்ரஷன் ஏறும். சரி, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அங்கேதான் விஷயமே. சிலிண்டர் அரை மில்லி இறங்கினால் எல்லா ஜன்னலும் சேர்ந்து இறங்கும். எக்ஸாஸ்ட் லேட்டாகத் திறக்கும், இன்டேக் சீக்கிரம் திறந்து லேட்டாக மூடும். அதனால் இறங்கிய எக்ஸாஸ்டை மறுபடி மேலே தேய்த்துக் கொண்டுவர வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்று நகர்கிறது. எங்கள் டிரையல் பேலன்ஸ் இதைவிடச் சுலபம்.

அடுத்தது பூச்சு. ஆர்எக்ஸ்100-ன் அலுமினிய பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கிறது. தேய்ந்தால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் தெருவுக்குத் தெரு அந்த வேலை தெரிந்தவர் இருக்கிறார். ஆனால் நல்ல ரம்பங்களில் ஸ்லீவ் கிடையாது. அலுமினியத்தின் மேலேயே குரோம் அல்லது நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு, முடி கனம்தான். டை கிரைண்டரை அவசரமாக ஓட்டினால் ஜன்னல் விளிம்பில் பூச்சு உரிந்துவிடும். உரிந்தால் போர் போட்டுச் சரிசெய்ய வழியில்லை, புது சிலிண்டர்தான். ஜன்னலை ரொம்ப அகலமாக்கினாலும் ஆபத்து. பிஸ்டன் ரிங் அதற்குள் பிதுங்கி மாட்டி உடையும். அதனால் விளிம்பைச் சாய்வாக மழுக்கி விடுகிறார்கள். பெரியவர் இரண்டு மணி நேரம் அந்த மழுக்கல் வேலையை மட்டும் செய்தார். டீ கூடக் குடிக்கவில்லை.

கம்பெனிக்காரனுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1961 வாக்கில் 125 சிசி ரேஸ் எஞ்சினில் 25 குதிரைத்திறன் எடுத்துவிட்டார். லிட்டருக்கு 200. நம் ஆர்எக்ஸ்100 98 சிசியில் 11, லிட்டருக்கு 112 வருகிறது. 72 சிசி ரம்பம் சுமார் 5, அதாவது லிட்டருக்கு 70தான். பைக் எஞ்சினுக்கு அவ்வப்போது ஓய்வு உண்டு. ரம்பம் முழு திராட்டிலில், வெயிலில், தூசியில், ஒரு ஆள் கையிலேயே நாள் முழுக்க ஓட வேண்டும். காடன் மாதிரி நீளமான எக்ஸ்பான்ஷன் சேம்பர் வைத்தால் மரத்தையா பிடிப்பது, சைலன்சரையா? வேண்டுமென்றேதான் அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

(அடக்காமல் விட்டவர்களும் உண்டு. 1985-ல் தொடங்கிய டிம்பர்ஸ்போர்ட்ஸ் போட்டிகளில் "ஹாட் சா" என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பனிச்சறுக்கு வண்டி எஞ்சினை எல்லாம் ரம்பமாக்கி, சில நொடிகளில் மூன்று வில்லை அறுக்கிறார்கள். மறுபக்கம் 1959-ல் மக்கலா கம்பெனி ரம்ப எஞ்சினைக் கொஞ்சம் மாற்றி கார்ட் வண்டிக்குக் கொடுத்தது. மாருதி 800 எஞ்சினை வைத்து ரேஸ் கார் கட்டிய நம்ம ஊர் கரிவரதன் 1995-ல் மறைந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் அவர் பெயரில் டிராக்கே வந்துவிட்டது. எந்த எஞ்சினையும் கழற்றிப் பார்த்தே தீரவேண்டும் என்ற வியாதி கோயம்புத்தூருக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.)

மிஷின் பூட்டி வந்தது. சைலன்சர் வாயையும் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார். அப்படிச் செய்தால் காற்று அதிகம் போகும், கார்புரேட்டரில் ஹை ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோல் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறி சீஸ். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் இல்லை, காதுதான். லோடு இல்லாமல் முழு திராட்டிலில் பிடித்தால் கொஞ்சம் தடுமாறி, ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி கரகரக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து சுத்தமாகப் பாட வேண்டும். மாமா இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்.

இனி என் துறை. இரண்டு நாள் கூடவே நின்று போனில் ஸ்டாப்வாட்ச் ஓட்டினேன். ஒரு தென்னைக்குச் சராசரி 25 நிமிஷம். கயிறு கட்ட, சாய்க்கும் திசை பார்க்க, மட்டை ஒதுக்க, துண்டை உருட்ட. இதில் ரம்பம் உண்மையிலேயே அறுப்பது 4 நிமிஷம். போர்ட் வேலைக்கு அப்புறம் அது 3 நிமிஷமானது. கால் பங்கு குறைந்தது என்று மாமா மீசையைத் தடவினார். நாளைக்கு 18 மரம் என்றால் மிச்சம் 18 நிமிஷம். இன்னொரு மரத்துக்குக்கூடப் போதாது. பெட்ரோல் வேறு கூடுதல்.

இன்னொன்றும் பார்த்தேன். தென்னை மற்ற மரம் மாதிரி இல்லை. வெளிப்பக்கம் கல் மாதிரி நார், உள்ளே மெத்து. அந்த நார் செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய செயினில் அதே 4 நிமிஷம் 7 ஆகிறது. சீவலாக வராமல் மாவாகக் கொட்டினால் உடனே அரம் போட வேண்டும் என்று பட்டறைப் பெரியவரே சொல்லித்தான் அனுப்பினார். அரத்தின் விலை சிலிண்டர் வேலையின் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கணக்கை எழுதிக் காட்டினேன். மாமா பொறுமையாகப் பார்த்தார். "எல்லாம் சரிதான் மாப்பிள்ள. ஆனா பெரிய புளியமரத்துல நடுவுல நிக்காம போகுது பாரு, அது உன் நோட்டுல வரல" என்றார். அதுவும் உண்மைதான். அகலமான அடிமரத்தில் பழைய மிஷின் திணறி நிற்கும், இழுத்து எடுக்கவே நேரமாகும். அந்த நேரத்தை நான் அளக்கவில்லை, தென்னைத் தோப்பில் புளியமரம் ஏது?

போன வாரம் அப்புச்சி தோப்பு முறை வந்தது. 72 மரத்தில் சுண்ணாம்பு வளையம். அம்மா பிறந்த வருஷம் வைத்த வரிசையும் அதில் இருக்கிறது. அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "எத்தனை நாளாகும் கண்ணு?" என்றார். மாமா புது மிஷின் பெருமையில், "நாலே நாள்லீங்கப்பா" என்றார்.

அப்புச்சி கொஞ்ச நேரம் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாரமா வெட்டு" என்றார்.