கையில் வெண்ணெய்!

எங்கள் முத்தாண்டிக்குப்பம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாரப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து விலை போட்டிருக்கும் இடம் வரை படிப்பார் அப்பா. ஜோக்குகளை மட்டும் சத்தமாக. அவர் சிரிக்கிற சிரிப்பில் முந்திரித் தோப்பு வரைக்கும் கோழி ஓடும்.

போன வருஷம் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. சர்க்கரை வியாதி கண்ணில் கை வைத்துவிட்டது. "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா. கொஞ்சம் படிச்சுக் காட்டேன்" என்றார்.

"கட்டுரை கேட்டிருக்காங்கப்பா. அப்புறம்" என்றேன். 'அப்புறம்' என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத தேதி.

மனசு உறுத்தியது. உடனே பரிகாரம் தேடிக் கிளம்பினேன். ஒரு கம்ப்யூட்டர் கடையில், "எழுத்தைப் பெருசா காட்டறதுக்கு ஒரு சாஃப்ட்வேர், படிச்சுக் காட்டறதுக்கு ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து ஆறாயிரம் ஆகும் சார்" என்றார்கள். பி.காம். படித்தவன் ஆயிற்றே! பில் உண்டா, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்றெல்லாம் குடைந்தேன். 'இது என் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதா?' என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

பத்தாவது படிக்கும் அக்கா மகள்தான் கேட்டாள். "ஆறாயிரமா? மாமா, ஜன்னல் படம் போட்ட பட்டனை அமுக்கிக்கிட்டு பிளஸ்ஸைத் தட்டுங்க."

தட்டினேன். 'அ' பண்ருட்டிப் பலாப்பழம் சைசுக்கு வந்து நின்றது! மூட வேண்டுமா? அதே பட்டனோடு எஸ்கேப். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துக்காரனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டப்போய்த்தான் கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுக்க 1956-ல் ஒரு நிறுவனமே வந்தது. காலுக்குக் கீழே இருப்பது தோண்டினால்தானே தெரியும்!

நானும் தோண்டினேன். ஆபீஸ் போகும் அன்பர்களுக்காக, கிடைத்ததில் கொஞ்சம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கிறது. காசு கிடையாது.

ஒன்றை காப்பி செய்து, அடுத்ததையும் காப்பி செய்து, முதலாவதைத் தொலைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வீர்களே... ஜன்னல் பட்டனோடு 'வி' தட்டுங்கள். முதல் தடவை 'ஆன்' செய்யச் சொல்லும். அதன்பின் கடைசியாக காப்பி செய்த 25 சமாச்சாரங்கள் வரிசையில் நிற்கும். 2018-லிருந்தே இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பட்டியல் காலி, ஜாக்கிரதை.

ஸ்கிரீனில் தெரியும் கணக்கை மேனேஜருக்கு அனுப்ப, செல்போனில் போட்டோ பிடிக்காதீர்கள். உங்கள் மூக்கும் சேர்ந்து விழும். ஜன்னல் பட்டன், ஷிஃப்ட், 'எஸ்' மூன்றையும் அமுக்கி, வேண்டிய துண்டை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

நோட்பேடில் எஃப் 5 தட்டினால் தேதியும் நேரமும் தானாக விழும். 'அன்னிக்கே சொன்னேனே சார்' என்பதற்குச் சாட்சி!

தமிழில் டைப் அடிக்கவும் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. செட்டிங்ஸில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையும் இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாகிற வசதியும் இருக்கிறது. மொழி மாற்ற, ஜன்னல் பட்டனோடு ஸ்பேஸ் பார்.

கடைசியாகக் கண்டதுதான் புதையல். எட்ஜ் பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், 'யு' அமுக்கினால் அதுவே வாசிக்கிறது. இன்டர்நெட் இருந்தால் இந்தியத் தமிழுக்கு இரண்டு குரல். பெண் குரலுக்குப் பல்லவி என்று பெயர். ஆண் குரலுக்கு? வள்ளுவர்!

அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நகைச்சுவைத் துணுக்குப் பக்கம் ஒன்றை வள்ளுவரிடம் கொடுத்தேன். பிசிறில்லாமல் வாசித்தார். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஆறாயிரம் மிச்சம் பிடித்த பெருமையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முடிந்ததும் அப்பா மெதுவாகச் சொன்னார்:

"நல்லாத்தாண்டா படிக்கிறாரு. ஆனா ஜோக்குக்கு அவரும் சிரிக்கலை, எனக்கும் சிரிப்பு வரலை. பகல்ல அவரு படிக்கட்டும். ராத்திரிக்கு நீ படி."

இப்போது தினமும் ராத்திரி எட்டரை மணிக்குப் படிக்கிறேன். கோழிகள் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டன.

கம்ப்யூட்டரில் மட்டுமா? என்னிடமும் ஒரு வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. நான்தான் 'ஆன்' செய்யவில்லை.